ஸ்மோக்கி மலையில் பழைய முறையில் முகாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்ற ஆண்டு அக்டோபரில் நாங்கள் மூன்று பேர் வட கரோலினாவின் பிரைசன் சிட்டியிலிருந்து டீப் கிரீக் ஓடையை ஒட்டி கிரேட் ஸ்மோக்கி மலைக்குள் நடந்தோம். கூடாரம் புதிது, படுக்கைப் பை புதிது. முதல் இரவே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெட்டித் தீக்குச்சியைக் கிழித்துத் தீர்த்தும் விறகு பற்றவில்லை. மூவருமே பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்திருந்தோம். நள்ளிரவில் நண்பர் ஒருவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் நடுங்கியதைப் பார்த்தபோது, உதவிக்கு அழைக்கத் தொலைபேசியில் சிக்னல் கூட இல்லை என்பது உறைத்தது.

மறுநாள் காலையில் அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் எங்கள் நிலையைப் பார்த்துத் தம் சுமையை இறக்கி வைத்தார். அதே ஈரக் காட்டில் கால் மணி நேரத்துக்குள் நெருப்பு மூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் நான்கு முறை அங்கே போய் வந்துவிட்டேன். அனுமதி வாங்குவதில் பட்ட அலைச்சல், நெருப்பில் கற்றது, மலை மக்களிடம் பேசிப் பழகியதில் புரிந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். அட்லாண்டாவிலோ ஷார்லட்டிலோ இருந்துகொண்டு, அல்லது ஊரிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில், 'ஒருமுறை காட்டில் தங்கிப் பார்க்கலாம்' என்று நினைக்கிறவர்களுக்கு இது.

1. இடமும் காலமும்

ஸ்மோக்கி மலைப் பூங்கா வட கரோலினா, டென்னசி என்ற இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கிறது. டென்னசி பக்கத்து ஊரான கேட்லின்பர்க்கில் கூட்டம் அதிகம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தென்பக்கத்து டீப் கிரீக். அட்லாண்டாவிலிருந்தும் ஷார்லட்டிலிருந்தும் காரில் சுமார் 3 மணி நேரம். மலையின் உயரமான பகுதிகளை விட இங்கே குளிர் குறைவு, ஏற்றம் மெதுவானது, தண்ணீர் கூடவே வருகிறது.

இந்தப் பாதையில் சுமார் 6 மைல் தொலைவில் 57 என்று எண்ணிட்ட முகாமிடம் இருக்கிறது. பெயர் பிரைசன் பிளேஸ். ஹொரேஸ் கெஃபார்ட் தம் கடைசி நிரந்தர முகாமை அமைத்தது அங்கேதான். செயின்ட் லூயிஸ் நகரத்து நூலகராக இருந்தவர், 1904-ல் இந்த மலைக்கு வந்து தங்கி, காட்டில் வாழும் கலையையும் மலை மக்களின் வாழ்க்கையையும் எழுதிவைத்தவர். அவர் நினைவாக ஓர் ஆலைக்கல்லை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பாதையை விட்டுச் சற்று உள்ளே தேடிப் பார்க்க வேண்டும். 6 மைல் அதிகம் என்று தோன்றினால் ஏறத்தாழ பாதி வழியில் 60-ஆம் எண் முகாமிடம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே போதும்.

நாங்கள் செய்த முதல் தவறு இதில்தான். வரைபடத்தில் பெயர் அழகாக இருக்கிறதே என்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். மைல் கணக்கை மட்டும் பார்த்தோம், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. முதுகில் 15 கிலோ இருந்தால் மணிக்கு 2 மைல் நடப்பதே நல்ல வேகம். ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

போகத் தகுந்த மாதங்கள் ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய. ஜூலை, ஆகஸ்டில் டீப் கிரீக்கின் கீழ்ப்பகுதியில் ரப்பர் வளையங்களில் மிதந்து விளையாட வருகிறவர்களின் கூட்டத்தால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கோடையின் கடைசியில் நிலத்தில் கூடு கட்டும் மஞ்சள் குளவிகளும் தொல்லை கொடுக்கும். குளிர்காலத்தை முதல் பயணத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

மழையைப் பற்றி ஒன்று. பள்ளத்தாக்குகளிலேயே ஆண்டுக்குச் சுமார் 55 அங்குலம் பெய்கிறது. ஏறத்தாழ சென்னையின் ஆண்டு மழை அளவு அது. சிகரங்களில் 85 அங்குலம். சென்னையில் அது சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. ஆகவே எந்த மாதம் போனாலும் மழை பெய்யும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

2. இரண்டு சீட்டுகள் வேண்டும், ஒன்றல்ல

இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அதனாலேயே பலர் குழம்புகிறார்கள்.

முதல் சீட்டு, உட்காட்டில் தங்குவதற்கான அனுமதி. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 8 டாலர். எத்தனை இரவு தங்கினாலும் ஓர் அனுமதியில் ஓர் ஆளுக்கு 40 டாலருக்கு மேல் வாங்குவதில்லை. பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 30 நாள் முன்பிருந்து எடுக்கலாம். எந்த இரவு எந்த எண் முகாமிடம் என்று குறித்துத்தான் பதிவு செய்ய வேண்டும். 'போய்ப் பார்த்துப் பிடித்த இடத்தில் கூடாரம் போடலாம்' என்பது நடக்காது. கட்டிய பணம் திரும்பி வராது. அக்டோபர் வார இறுதி வேண்டுமென்றால் தங்கும் தேதிக்குச் சரியாக 30 நாள் முன்பு காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். ஓர் இடத்தில் தொடர்ந்து 3 இரவுதான் தங்கலாம். பெரும்பாலான இடங்களில் ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் கூடாது. நம்மவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போகும் வழக்கம் இங்கே செல்லாது. 14 பேர் என்றால் இரண்டு குழுவாகப் பிரிந்து இரண்டு இடங்களில் தங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சீட்டு காருக்கு. பூங்காவுக்குள் 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நின்றால் பார்க்கிங் சீட்டு வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து வந்த விதி இது. நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. இரண்டு இரவு தங்கினால் மூன்று நாள் கணக்கு, 15 டாலர் ஆகிவிடும். வாரச் சீட்டும் அதே 15 என்பதால் அதையே வாங்குங்கள், மழையால் ஒரு நாள் தாமதமானாலும் கவலையில்லை. சீட்டில் கார் எண் இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள ரசீது போதாது.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டுச் சீட்டை வாங்கி வைத்திருப்போம். அது இங்கே பார்க்கிங் சீட்டுக்கு ஈடாகாது. என் நண்பர் அதைக் கண்ணாடியில் வைத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பப் பார்த்தார். பக்கத்து வண்டிக்காரர் சொன்னதால் தப்பித்தார்.

இரண்டு பேர், இரண்டு இரவு என்றால் அனுமதி 32 டாலர், பார்க்கிங் 15, ஆக 47 டாலர். கட்டணங்கள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே தளத்தில் மூடப்பட்ட பாதைகளின் பட்டியலும் இருக்கும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் இந்த மலைகளைப் புரட்டிப் போட்டது. சாதாரண நாளிலும் மரம் விழுந்தோ, கரடி நடமாட்டத்தாலோ ஏதாவது ஒரு முகாமிடம் மூடியிருக்கும்.

கூடாரம், படுக்கைப் பை, முதுகுப்பை எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஆளுக்குச் சில நூறு டாலர் போய்விடும். முதல்முறைக்கு வாடகைக்கு எடுங்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் இருந்தால் அவர்களின் விளையாட்டுத் துறையில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் மாணவர்களுக்குக் குறைந்த வாடகையில் தருகிறார்கள். விமானத்தில் வருகிறவர்கள் எரிவாயுக் குப்பியைக் கொண்டுவர முடியாது, இங்கே வந்து வாங்க வேண்டும்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

அனுமதியின் அச்சுப்பிரதி. உள்ளே சிக்னல் கிடையாது என்பதால் மின்னஞ்சலில் இருக்கிறது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஓட்டுநர் உரிமம் அல்லது வேறு அடையாள அட்டை. விசாவில் இருப்பவர்கள் கடவுச்சீட்டின் நகல், ஐ-94 என்ற அமெரிக்க நுழைவுப் பதிவின் அச்சுப்பிரதி. ஊரிலிருந்து வந்த பெற்றோரோ உறவினரோ உடன் வந்தால் அவர்களின் பயணக் காப்பீட்டுத் தாளும், அன்றாட மருந்துகளின் பட்டியலும். எல்லாவற்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு, பையின் ஒரே இடத்தில் வையுங்கள்.

இதைவிட முக்கியமான தாள் ஒன்று, நீங்கள் வீட்டில் விட்டுப் போக வேண்டியது. எந்தப் பாதை, எந்த இரவு எந்த எண் முகாமிடம், கார் எங்கே நிற்கிறது, கார் எண் என்ன, எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதை எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

4. பழைய கலையில் எது ஆகும், எது ஆகாது

பழைய காலத்து முகாம் முறைகளைப் படித்துவிட்டு ஆசையோடு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஃபர், ஹெம்லாக் மரங்களின் பச்சைக் கிளைகளை வெட்டி மெத்தை போட்டார்கள். கம்பு வெட்டிச் சாய்ப்பு கட்டினார்கள். கூடாரத்தைச் சுற்றிக் கால்வாய் தோண்டினார்கள். இவை மூன்றும் இன்று குற்றம். உயிருள்ள மரத்தில் கத்தி படக் கூடாது, முகாமிடத்தில் மண்ணைத் தோண்டக் கூடாது. ஜின்செங் வேர், ரேம்ப்ஸ் என்கிற காட்டுப் பூண்டு ஆகியவற்றைப் பிடுங்கவும் கூடாது. ஆண்டுக்குக் கோடிப் பேருக்கு மேல் வந்து போகிற காடு இது. ஆளுக்கு ஒரு கிளை என்றாலும் என்ன மிஞ்சும்?

எஞ்சியிருக்கும் கலை சிறியதல்ல. இடம் பார்ப்பது, விறகு அறிவது, கத்தியைத் தீட்டுவது, கம்பளித் துணியின் அருமை தெரிவது, குறைந்த பாத்திரத்தில் சமைப்பது. இவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை.

இடம் பார்ப்பதில் முதல் விதி, தலையை நிமிர்த்திப் பார்ப்பது. இந்த மலையின் ஹெம்லாக் மரங்களை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி அழித்துவிட்டது. காய்ந்த மரங்கள் நின்ற நிலையிலேயே நிற்கும், காற்றடித்தால் சாயும். உலர்ந்த மரத்துக்கோ தொங்கும் கிளைக்கோ அடியில் கூடாரம் வேண்டாம். ஓடையை ஒட்டிய பள்ளத்தில் குளிர் தங்கும், பனி இறங்கும். முகாமிட எல்லைக்குள்ளேயே சற்று மேடாக, இலைச்சருகு ஒரு பக்கமாக அடித்துச் செல்லப்படாத இடத்தைப் பாருங்கள். சருகு வரிவரியாக ஒதுங்கியிருந்தால் மழைநீர் அந்த வழியாக ஓடுகிறது என்று பொருள்.

5. உடையில் ஏமாறாதீர்கள்

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சிவிடும், மறுநாள் மதியம் வரை காயாது. அன்றிரவு என் நண்பரைப் படுத்தியது குளிரைக் காட்டிலும் அந்த ஈரத் துணிதான். வெளியே 10 டிகிரி செல்சியஸ் இருந்தாலும் நனைந்த உடம்பு ஆபத்துக்குப் போய்விடும். நனைந்தாலும் கதகதப்பு தருவது கம்பளி. பழைய துணிக் கடைகளில் கம்பளிச் சட்டை, ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கும். இரவில் அணிய ஒரு சோடி உடையும் காலுறையும் தனிப் பையில், எக்காரணத்தாலும் நனையாதபடி வைத்திருங்கள். பகலில் எவ்வளவு ஈரமானாலும் அதைத் தொடாதீர்கள்.

6. ஈரக் காட்டில் நெருப்பு

இதைத்தான் சற்று நிறுத்தி எழுத விரும்புகிறேன்.

வெளியிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு வந்துவிடும் என்பதால், சூடேற்றிப் பதப்படுத்திச் சான்று ஒட்டிய விறகைத் தவிர வேறெதையும் பூங்காவுக்குள் விடுவதில்லை. உட்காட்டில், தரையில் விழுந்து கிடக்கும் காய்ந்த மரத்தைத்தான் எடுக்கலாம். முகாமிடத்தில் ஏற்கெனவே கல் அடுக்கிய அடுப்பு வளையம் இருக்கும், அதற்குள் மட்டுமே நெருப்பு. வறட்சிக் காலத்தில் முழுத் தடையும் வரும்.

அந்தப் பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். நாங்கள் குவித்து வைத்திருந்த சுள்ளிகளை அவர் கையால் கூடத் தொடவில்லை. மண்ணில் பதிந்து கிடந்தவை அவை, உள்ளும் புறமும் ஊறியவை. அவர் போய், விழுந்த மரம் ஒன்றின் மேல் தரையைத் தொடாமல் மாட்டிக் கிடந்த மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கிளையை எடுத்து வந்தார். முழங்காலில் வைத்து அழுத்தினார். 'டக்'கென்று முறிந்தது. வளைந்து நார் நாராகப் பிரிந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். முறிந்த துண்டை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, கத்தி முதுகில் இன்னொரு கட்டையால் தட்டித் தட்டி நாலாகப் பிளந்தார். வெளியே கறுத்து ஈரமாயிருந்த அந்தக் கட்டைக்குள்ளே வெளிர்மஞ்சளாகக் காய்ந்த மரம். "மழை தோலோடு நின்றுவிடும்" என்றார்.

பிறகு அந்த உள்மரத்தை மடியில் வைத்து, தேங்காய்த் துருவல் போல் சுருள் சுருளாகச் சீவினார், சுருள் கட்டையை விட்டுப் பிரியாமல். அப்படி ஐந்தாறு கட்டை. விழுந்து கிடந்த மஞ்சள் பிர்ச் மரத்தின் மேல்பட்டை காகிதம் போல் உரிந்திருந்தது, அதில் ஒரு கைப்பிடி. அந்தப் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரத்திலும் எரியும். நிற்கும் மரத்திலிருந்து அதை உரிக்காதீர்கள். ஈர மண்மேல் இரண்டு கட்டையைப் பரப்பி, அதன்மேல் பட்டை, அதன்மேல் சீவிய கட்டைகள், சுருள் கீழ்நோக்கி. ஒரே குச்சி. முதலில் பென்சில் பருமன், பிறகு விரல் பருமன், பிறகு மணிக்கட்டு. எங்கள் அவசரத்தில் நாங்கள் முதல் தீயிலேயே தொடைப் பருமன் கட்டையை ஏற்றி மூச்சடைக்க வைத்திருந்தோம்.

விறகின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். ஹிக்கரியும் ஓக்கும் நின்று எரிந்து நல்ல கங்கு தரும், சமையலுக்கு ஏற்றவை. டூலிப் பாப்லர் சீக்கிரம் பற்றிச் சீக்கிரம் தீரும், கங்கு நிற்காது. ஹெம்லாக் வெடித்துப் பொறி தெறிக்கும், கூடாரத்தில் துளை விழும்.

பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விறகு வேலையைத் தொடங்குங்கள். போதும் என்று தோன்றும் அளவைப் போல் மூன்று மடங்கு சேருங்கள். அக்டோபர் நடுவில் மாலை 7 மணியளவில் சூரியன் மறைகிறது, மலை இடுக்கில் அதற்கு முன்பே இருட்டிவிடும். இதை வீட்டுக் கொல்லையிலோ, நெருப்பு மூட்ட அனுமதிக்கும் பக்கத்துப் பூங்காவிலோ மழை நாளில் இரண்டு முறை செய்து பழகிவிட்டு வாருங்கள். என்ன பழகினாலும் ஒரு சிறிய எரிவாயு அடுப்பு பையில் இருக்கட்டும். உயிரைத் தீக்குச்சியை மட்டும் நம்பி வைக்கக் கூடாது.

காலையில் கிளம்பும்போது நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடு இல்லை என்று உறுதியான பிறகே நகருங்கள்.

7. சாப்பாடும் கரடியும்

பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன. பயப்பட வேண்டியதில்லை, ஒழுங்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு முகாமிடத்திலும் உணவைத் தூக்கிக் கட்டக் கம்பிவடமும் கப்பியும் அமைத்திருக்கிறார்கள். சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் உணவு, குப்பை, பற்பசை, சோப்பு, தலைவலித் தைலம் எல்லாம் மேலே தொங்க வேண்டும். நம் சமையலுக்கு வாசனை அதிகம். பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும் கையில் ஒட்டினால் துடைத்தும் போகாது. சமைக்கும்போது அணிந்த சட்டையோடு கூடாரத்தில் படுக்காதீர்கள், அதையும் பையில் போட்டுக் கட்டுங்கள். கரடியிடமிருந்து 50 கஜம் விலகி நிற்க வேண்டும் என்பது சட்டம். அது உங்களைப் பார்த்து நின்றால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள்.

என் பையில் போகிறவை: அவல், வறுத்த ரவை, பாசிப்பருப்பு, நெய், உப்பு, மிளகு, வெல்லம், மலைக்காரர்களின் மக்காச்சோள மாவு. அவர்கள் அந்த மாவில் உப்பும் வெந்நீரும் விட்டுப் பிசைந்து, இரும்புச் சட்டியில் கொழுப்பு தடவித் தட்டிப் போடுகிறார்கள். நம் அடையைப் போலத்தான், இன்னும் மொறுமொறுப்பாக வரும். நெய் விட்டுச் செய்து பாருங்கள். பச்சை பீன்ஸை நூலில் கோத்து வாசலில் தொங்கவிட்டுக் காயவைத்து, குளிர்காலத்தில் நாள்முழுதும் வேகவைக்கும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. 'தோல் கால்சட்டை' என்று பொருள்படும் பெயர் அதற்கு. முதன்முதலாக ஒரு பண்ணை வீட்டுத் தாழ்வாரத்தில் அந்தச் சரத்தைப் பார்த்தபோது பாட்டி வீட்டு மாடியில் காய்ந்த கொத்தவரங்காய் வற்றல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

8. தண்ணீரும் கழிப்பிடமும்

ஓடை கண்ணாடி போல் தெளிந்திருக்கும், அப்படியே குடிக்காதீர்கள். நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், அல்லது 1 மைக்ரான் வரை வடிக்கும் வடிகட்டி பயன்படுத்துங்கள். மலம் கழிக்க, முகாமிடம், பாதை, தண்ணீர் மூன்றிலிருந்தும் 100 அடி தள்ளி, 6 அங்குலக் குழி தோண்டி மூட வேண்டும். பாத்திரத்தையும் ஓடையில் கழுவக் கூடாது. ஒரு சிறு மண்வாரி கொண்டுபோங்கள்.

9. மலை மக்களிடம்

முகாமிடும் கலை என்று நாம் சொல்வது இந்த மக்களுக்கு அன்றாட வாழ்க்கையாக இருந்தது. அவர்களைப் பார்க்காமல் காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

முதலில் சொல். இந்த மலைத்தொடரை வடக்கத்தியர் 'அப்பலேஷியா' என்பார்கள். இங்கே 'அப்பலாட்ச்சா'. வேறு மாதிரி சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் வெளியாள் என்று குறித்துக்கொள்வார்கள். 'ஹில்பில்லி' என்ற சொல்லை அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், நாம் வாயிலேயே வைக்கக் கூடாது. பட்டிக்காட்டான் என்று ஒருவன் நம்மைச் சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான். பேச்சு மெதுவாக நடக்கும். கேள்வியைப் போட்டுவிட்டு உடனே பதிலை எதிர்பார்க்காதீர்கள். வானிலை, வந்த வழி, வீட்டில் யார் யார் என்று ஊர்க்கதை முடிந்த பிறகுதான் காரியம் வரும். நம் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தனியார் நிலத்தில் கேட்காமல் காலெடுத்து வைக்காதீர்கள், வீட்டைப் படம் எடுக்காதீர்கள்.

காட்டுக்குள் பழைய புகைக்கூண்டு, வேலிக்கல், துருப்பிடித்த அடுப்புத் தகடு எல்லாம் கிடக்கும். இந்தப் பூங்கா அமைந்தபோது வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்களின் மிச்சம் அவை. எதையும் எடுக்கக் கூடாது, சட்டப்படியும் தவறு. சிறு இடுகாடுகளும் வரும். கல்லறைகளில் பிளாஸ்டிக் பூக்கள் இருந்தால் குப்பை என்று நினைத்துப் பொறுக்கிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒருநாள் அந்தக் குடும்பத்தார் திரண்டு வந்து கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, பாடி, அங்கேயே சேர்ந்து சாப்பிடும் நாள் உண்டு. 'டெக்கரேஷன் டே' என்கிறார்கள். ஃபொன்டானா அணையின் நீர்த்தேக்கத்தால் சாலை மூழ்கிப்போன வடகரை இடுகாடுகளுக்குப் பூங்காக்காரர்களே படகில் அவர்களை அழைத்துச் செல்கிறார்கள். அப்படி ஒரு கூட்டத்தை வழியில் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். அழைத்தால் தயங்காமல் உட்காருங்கள், சாப்பாட்டை மறுக்காதீர்கள்.

இந்த மலைக்கு முதல் உரிமையாளர்கள் செரோக்கி என்ற பழங்குடி மக்கள். பிரைசன் சிட்டியிலிருந்து சுமார் 10 மைல் தொலைவில் செரோக்கி நகரம், கிழக்கு செரோக்கிக் குழுவினரின் சொந்த நிலமான குவாலா எல்லைக்குள். அங்கே அவர்களின் அரசாங்கம், அவர்களின் விதிகள். மீன்பிடிக்கப் பூங்காவுக்குள் மாநில உரிமம் வேண்டும், குவாலாவில் அவர்களின் தனி அனுமதி வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஆகாது. தெருப்பலகைகளில் ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்தும் இருக்கும். சொந்த எழுத்தைத் தெருவில் காண்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூங்காவின் மிக உயர்ந்த சிகரத்தின் பெயர் 2024 செப்டம்பரில் அவர்களின் வேண்டுகோளின்படி மீண்டும் 'குவோஹி' ஆயிற்று. பழைய வரைபடங்களில் கிளிங்மன்ஸ் டோம் என்று இருக்கும், குழம்பாதீர்கள்.

செரோக்கி மக்கள் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். எதிரே 1946-ல் தொடங்கிய கைவினைக் கூட்டுறவுக் கடையில் ஆற்று மூங்கிலாலும் வெள்ளை ஓக் நாராலும் பின்னிய கூடைகள் இருக்கும். விலை அதிகம் என்று பேரம் பேசாதீர்கள். மூங்கிலைத் தேடி வெட்டி, பிளந்து, சீவி, சாயமேற்றிய பிறகுதான் பின்னலே தொடங்குகிறது. பிரைசன் சிட்டிக்கும் செரோக்கிக்கும் நடுவே சாலையோரத்தில் கிட்டுவா என்ற தாழ்ந்த மண்மேடு இருக்கிறது. அவர்களின் தாய்க்கிராமம், 1996-ல் தாங்களே விலை கொடுத்து மீட்டது. அதன்மேல் ஏறாதீர்கள்.

மலைவாழ்க்கையின் கருவிகளைக் கிட்டத்தில் பார்க்க செரோக்கி நகரை அடுத்த ஒக்கனலஃப்டீயில் உள்ள மலைப்பண்ணை அருங்காட்சியகம் நல்லது. செஸ்ட்நட் மரத்தால் கட்டிய வீட்டின் மூலையில், கட்டைகள் ஆணியே இல்லாமல் ஒன்றோடொன்று கவ்வியிருப்பதைத் தொட்டுப் பாருங்கள்.

10. திரும்பும் நாள்

மதியம் 1 மணிக்குள் காரை அடையும்படி கிளம்புங்கள். உங்கள் குப்பை அத்தனையும் உங்கள் பையில் வர வேண்டும். ஆரஞ்சுத் தோலும் குப்பைதான். ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, தாள் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அழைத்துச் சொல்வது. நான் ஒருமுறை சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அரை மணி நேரம் தாமதமானதற்குள் என் அக்கா வனக்காவலர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்குள், முழங்காலின் பின்புறம், காதுமடல், தலைமயிர் எல்லா இடத்திலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியால் சுடவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோ சிவந்த தடிப்போ வந்தால், உண்ணி கடித்த தேதியைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். கூடாரத்தை அன்றே விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வாடகைக் கூடாரம் என்றால் அதற்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிவரும்.